ரிப்போர்ட்டில் "புற்று இல்லை" என்று வந்த பிறகும் ஏன் வருடா வருடம் வரச் சொல்கிறார்கள்?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவரின் அம்மாவுக்கு வயது 46. இடது காதுக்குக் கீழே ஆறு வருடமாக வலியில்லாத கட்டி. ஊசி டெஸ்டில் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று வந்தது. கட்டியை மட்டும் எடுக்காமல் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் மேல் மடலையே எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "புற்று இல்லை" என்பதோடு, "கேப்ஸ்யூல் சில இடங்களில் முழுமையாக இல்லை, கட்டியின் நீட்சிகள் கேப்ஸ்யூலைத் தாண்டியுள்ளன, ஓரங்களில் கட்டி இல்லை" என்றும் இருக்கிறது. டாக்டர் வருடா வருடம் வந்து காட்டச் சொல்கிறார். தாய்மாமாவுக்கு வயது 64, பீடிப் பழக்கம் உண்டு. அவருக்கும் அதே இடத்தில், இரண்டு பக்கமும் கட்டி. அதற்கு வார்த்தின் ட்யூமர் என்று பெயர் சொல்லி, அவசரமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். இரண்டும் சாதாக் கட்டி என்றால் ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்:

நான் பேத்தாலஜிஸ்ட். தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் கட்டியை அறுத்துப் பார்த்து, ஸ்லைடு போட்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள். ஆபரேஷன், தையல், மருந்து பற்றியெல்லாம் சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. இரண்டுமே புற்று அல்ல, ஆனால் இரண்டும் வேறு வேறு ரகம். உமிழ்நீர்ச் சுரப்பியில் "புற்று இல்லை" என்பது பாதிப் பதில்தான். எந்தக் கட்டி, அதன் உறை எந்த லட்சணத்தில் இருக்கிறது, எடுக்கும்போது உடைந்ததா என்று மூன்றையும் பார்த்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

முதலில் இடம். பொன்னுக்கு வீங்கி வந்தால் கன்னத்தோரம் உப்புமே, அந்தச் சுரப்பிதான் பரோடிட். தாடைக்கு அடியில் இன்னொரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி, அப்புறம் அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம் என்று வாய் முழுக்கச் சிதறிக் கிடக்கும் குட்டிச் சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை. எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு: சுரப்பி சிறுக்கச் சிறுக்க, அதில் வரும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடும். பரோடிட்டில் வருவதில் முக்கால் பங்கு சாதாக் கட்டி. தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில் நூற்றுக்கு நாற்பது வரை புற்று. நாக்குக்கு அடியில் வருவது பெரும்பாலும் புற்றுதான். காதுக்குக் கீழே உள்ள பெரிய கட்டியைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்கள், அண்ணத்தில் பட்டாணி அளவு உருண்டையை வருடக்கணக்கில் நாக்கால் தடவிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். சீக்கிரம் காட்ட வேண்டியது அந்த இரண்டாவது ரகம்.

பரோடிட்டில் இன்னொரு சங்கடம், முக நரம்பு. கண்ணை மூடுவதும் உதட்டை அசைப்பதும் அதன் வேலை. அது சுரப்பிக்குள் நுழைந்து கிளை கிளையாகப் பிரிந்து வெளியே போகிறது. நரம்புக்கு வெளிப்புறம் இருப்பது மேல் மடல், உட்புறம் இருப்பது உள் மடல். சாதாக் கட்டி நரம்பை ஒதுக்கித் தள்ளும், ஆனால் தின்னாது. அதனால் கட்டியோடு சேர்ந்து முகம் ஒரு பக்கம் கோணினால், புற்று என்று சந்தேகித்தே பரிசோதனையைத் தொடங்குவோம்.

இப்போது அம்மாவின் கட்டி. பரோடிட் கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த ப்ளியோமார்ஃபிக் அடினோமாதான். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். மெதுவாக வளரும், வலிக்காது, கையால் தள்ளினால் நகரும். ஆறு வருடம் பேசாமல் இருந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்தத் துண்டு டேபிளுக்கு வந்ததும் முதல் வேலை, வெளிப்புறம் முழுக்க மை பூசுவது. எது சர்ஜனின் கத்தி பட்ட ஓரம், எது என் கத்தி பட்ட ஓரம் என்று பிறகு மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டும். மை காய்ந்ததும் நடுவே அறுத்தால், மஞ்சளும் பழுப்புமான சுரப்பிக்கு நடுவே வெள்ளையாக, கெட்டியாக ஓர் உருண்டை. அதிலும் சில இடங்களில் வெட்டுமுகம் வழவழவென்று, லேசாக நீலம் ஓடி, நுங்கைப் பிளந்த மாதிரி ஒளி ஊடுருவும். அந்த இடம் கண்ணில் பட்டாலே பெயர் பாதி முடிவாகிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பியில் இப்படிக் குருத்தெலும்பு மாதிரித் திசுவைத் தானே செய்துகொள்ளும் கட்டி வேறொன்றும் அவ்வளவாக இல்லை.

சுரப்பிக்குள் குருத்தெலும்பு எப்படி வந்தது? உமிழ்நீர்க் குழாயின் சுவரில் இரண்டு வரிசை உண்டு. உள் வரிசை குழாய்ச் செல்கள். வெளி வரிசை மயோஎபிதீலியல் செல்கள். தசையைப் போலச் சுருங்கி உமிழ்நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது இவற்றின் வேலை. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவில் இரண்டு வரிசையும் பெருகும், ஆனால் அமர்க்களம் செய்வது வெளி வரிசைதான். ஸ்லைடில் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனால், வெளி வரிசைச் செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, தாங்களே சுரந்த நீலம் கலந்த சளிப் பொருளுக்குள் தனித்தனியாகப் போய்விடுவது தெரியும். சில நீண்டு கதிர் வடிவம் எடுக்கும், சில கிளைவிட்டு நட்சத்திரமாகும், சில உருண்டு தன் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இன்னும் தள்ளிப் போனால் அதே செல்கள் குழிகளுக்குள் உட்கார்ந்து குருத்தெலும்புச் செல்லாகவே மாறியிருக்கும். எங்கே சுரப்பி முடிந்தது, எங்கே குருத்தெலும்பு தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. பழைய ஆட்கள் இதை மிக்ஸ்டு ட்யூமர் என்று கூப்பிட்டார்கள், பல சர்ஜன்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கலந்தது இரண்டு கட்டிகள் அல்ல. எல்லாம் ஒரே மூலம்.

மூலம் ஒன்றுதான் என்பதற்கு ஜீன் அளவிலும் சான்று இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பான்மையில் எட்டாவது குரோமோசோமில் உள்ள பிளாக் 1 ஜீனோ, கொஞ்சம் குறைவாகப் பன்னிரண்டாவதில் உள்ள எச்.எம்.ஜி.ஏ.2 ஜீனோ இடம் மாறி ஒட்டியிருக்கும். வளர்ந்த மனிதரின் சுரப்பியில் அடங்கிக் கிடக்க வேண்டிய பிளாக் 1, எப்போதும் வேலை செய்யும் வேறொரு ஜீனின் சுவிட்சுக்கு அருகில் போய்ச் சேர்கிறது. பிறகு ஓயாமல் "வளர், வளர்" என்ற உத்தரவுதான். சிக்கலான கேஸ்களில் இந்த மாற்றத்தைத் தேடியே முடிவுக்கு வருவதும் உண்டு.

இனி உங்கள் ரிப்போர்ட்டில் உங்களைப் பயமுறுத்திய வரி. கேப்ஸ்யூல் என்றால் கட்டியைச் சுற்றியுள்ள உறை. "கேப்ஸ்யூல் முழுமையாக இல்லை" என்று எழுதியது புற்று என்பதற்கான மறைமுகக் குறிப்பு அல்ல. இந்தக் கட்டியின் சுபாவமே அது. வெளியிலிருந்து தொட்டால் உறை போட்ட உருண்டையாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் அந்த உறை ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் காகிதம்போல், ஒரு பக்கம் அறவே இல்லாமல் இருக்கும். சளிப் பொருள் அதிகம் உள்ள கட்டிகளில் உறை மேலும் மெலிவு, கை பட்டால் கிழியும். உறையைத் தாண்டி நீட்சிகள் முளைத்திருக்கும். வெட்டுமுகத்தில் தனி முடிச்சாகத் தெரிவதும் அடுத்தடுத்த வெட்டுகளில் பார்த்தால் பல நேரம் தாய்க்கட்டியோடு ஒட்டிய நீட்சியாகவே இருக்கும்.

அதனால்தான் தோலைக் கீறி, உறையை ஒட்டிக் கட்டியை மட்டும் பிதுக்கி எடுப்பது இங்கே பெரிய தப்பு. ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். பத்து நிமிட வேலை, நரம்புக்கும் ஆபத்தில்லை, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நீட்சிகள் சுரப்பியிலேயே தங்கிவிட்டன. கிழிந்த உறையிலிருந்து சிந்திய சளிப் பொருளில் இருந்த செல்கள் காயத்துக்குள்ளேயே வேர் பிடித்தன. பிதுக்கி எடுத்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 45 பேருக்குக் கட்டி திரும்ப வந்ததாகப் பழைய கணக்குகள் உண்டு. சுற்றியுள்ள சுரப்பியோடு எடுத்தால் ஐந்துக்கும் கீழே. இப்போது மேல் மடல் முழுவதையும் எடுக்காமல், கட்டியைச் சுற்றி நல்ல திசு ஒரு விளிம்பு வைத்து எடுக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டி சின்னதாக, மேலாக இருந்து, சர்ஜன் கை தேர்ந்தவராக இருந்தால் அதுவும் சரிதான். எந்த முறையானாலும் உறை உடையாமல் வர வேண்டும்.

திரும்பி வரும் கட்டி முதல் கட்டியைப் போல ஒற்றை உருண்டையாக வராது. பழைய தழும்பைச் சுற்றி, தோலுக்கு அடியில், கொழுப்பில், தசையில் என்று அரிசி அளவிலிருந்து பட்டாணி அளவு வரை டஜன் கணக்கில் முடிச்சுகளாக வரும். பார்த்தால் புற்றுக் கட்டி என்றே தோன்றும். ஸ்லைடில் அதே சாதாக் கட்டிதான். தழும்புத் திசுவுக்குள் முக நரம்பு சிக்கியிருக்கும், சர்ஜனுக்கு இரண்டாவது ஆபரேஷன் நரக வேலை. இதெல்லாம் அடுத்த வருடமே வராது, ஏழு, பத்து வருடம் கழித்தும் வரும். வருடா வருடம் வரச் சொல்வதற்கு இது முதல் காரணம். உங்கள் அம்மாவுக்கு ஓரங்களில் கட்டி இல்லை என்று எழுதியிருப்பதால் இந்த வாய்ப்பு குறைவு. ஆபரேஷன் குறிப்பில் உறை உடைந்ததாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது பேத்தாலஜி ரிப்போர்ட்டில் எப்போதும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

"ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லையே, அப்படியே விட்டிருக்கலாமோ?" என்று நினைப்பீர்கள். கூடாது. இந்தக் கட்டிக்குள் நாளாக நாளாகப் புற்று முளைக்கலாம். முதல் ஐந்து வருடத்தில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை என்றும், பதினைந்து வருடத்தைத் தாண்டினால் பத்துக்கு அருகில் போகும் என்றும் சொல்கிறோம். எனக்கு வரும் கேஸ்களில் இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் ஒரே கதை: இருபது வருடமாக எலுமிச்சை அளவில் கிடந்த கட்டி, கடைசி மூன்று மாதத்தில் திடீரென்று பெருத்து, வலி எடுத்து, தோலோடு ஒட்டிக்கொண்டது. அறுத்தால் நடுவில் பழைய கட்டியின் தழும்பு, சுற்றிலும் புதுப் புற்று. அதனால்தான் பழைய கட்டி என்றால் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்தாமல் தாராளமாகத் துண்டு எடுத்துப் பார்ப்போம். புற்று இருந்தும் அது பழைய உறையைத் தாண்டவில்லை என்றால், விளைவு அனேகமாகச் சாதாக் கட்டியைப் போலவே நல்லதாக இருக்கும். எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளப்பது அதற்காகத்தான்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், பயப்படுவதற்காக அல்ல, மிக மிக அரிது என்பதால். ஸ்லைடில் துளிகூடப் புற்றுக் களையே இல்லாத ப்ளியோமார்ஃபிக் அடினோமா, எலும்பிலும் நுரையீரலிலும் போய் முளைத்த கேஸ்கள் உலகத்தில் உண்டு. பல முறை திரும்ப வந்து, திரும்பத் திரும்ப அறுத்தவர்களிடம்தான் பெரும்பாலும் இது நடந்திருக்கிறது.

ஊசி டெஸ்டுக்கு வருகிறேன், நம் ஊரில் முதல் பதில் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஊசியில் உறிஞ்சியதைக் கண்ணாடியில் இழுத்து ஜீம்சா சாயம் போட்டால், ப்ளியோமார்ஃபிக் அடினோமாவின் சளிப் பொருள் அடர்ந்த மஜெந்தா நிறத்தில், நார் நாராக, ஓரம் பிசிறடித்துத் தெரியும். செல்கள் அந்த நாருக்குள்ளேயே புதைந்திருக்கும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றிலும் மஜெந்தா உருண்டைகள் வரும். ஆனால் அவற்றின் ஓரம் வழித்துவிட்டது போலக் கூர்மையாக இருக்கும், செல்கள் உருண்டைக்கு வெளியே சுற்றி நிற்கும். படிக்க எளிது. துணுக்காக நாலு செல் மட்டும் வந்த ஸ்லைடில் பார்த்துச் சொல்வது அவ்வளவு எளிதில்லை. அதனால்தான் உமிழ்நீர்ச் சுரப்பி ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை வகை பிரிக்க 2018இல் வந்த மிலன் முறையில், "சாதாக் கட்டி" என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே "கட்டிதான், ஆனால் சாதாவா புற்றா என்று ஊசியில் சொல்ல முடியாது" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ரிப்போர்ட் வந்தால் பேத்தாலஜிஸ்ட் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் நேர்மையாக இருக்கிறார்.

மாமாவின் கட்டி வேறு கதை. வார்த்தின் ட்யூமர் கிட்டத்தட்ட பரோடிட்டில் மட்டுமே வரும், அதுவும் அதன் கீழ் நுனியில். ஏன் அங்கே மட்டும்? கருவில் பரோடிட் தன் உறையை மற்றச் சுரப்பிகளைவிடத் தாமதமாகப் போட்டுக்கொள்கிறது. அதற்குள் பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகள் சில உள்ளே சிக்கிக்கொள்கின்றன, அந்த முடிச்சுகளுக்குள் குழாய்த் துணுக்குகளும் சிக்குகின்றன. அந்தத் துணுக்குகள் பெருகுவதே இந்தக் கட்டி என்பதுதான் நம்மில் பலர் ஏற்கும் விளக்கம். அறுத்தால் கெட்டி உருண்டை இல்லை. பொந்து பொந்தாக, கலங்கிய பழுப்புத் திரவம் வழியும். ஸ்லைடில் இதைவிட அழகான கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியில் இல்லை என்பது என் அபிப்பிராயம்: பொந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகள், அவற்றின் மேல் ஒழுங்காக இரண்டு அடுக்கில் இளஞ்சிவப்புச் செல்கள், அடியில் நிணநீர்த் திசு. அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம் செல் முழுக்க அடைத்துக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் குட்டி உறுப்புகள். வேறு ஏதோ புற்றுக்காக, சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இந்தக் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்து, பரவிவிட்டதோ என்று குடும்பத்தையே கலங்கடிப்பதும் உண்டு.

புகைபிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு எட்டு மடங்கு. பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் வரும். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுவீச்சில் தப்பியவர்களிடமும் இந்தக் கட்டி கூடுதலாக வந்தது. புகையோ கதிர்வீச்சோ, குழாய்ச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆகும் சேதத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதில் புற்று முளைப்பது மிக அரிது, எடுத்தால் திரும்ப வருவதும் அரிது. அதனால் ஊசி டெஸ்டும் ஸ்கேனும் தெளிவாக இருந்தால், 64 வயதில் வலியில்லாத கட்டியைச் சும்மா விட்டுப் பார்ப்பது நியாயமான முடிவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஊசியில் வெறும் திரவம் மட்டும் வந்து செல்லே வராமல் "வார்த்தின் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தால், இன்னொரு முறை ஊசி போடச் சொல்லுங்கள். தீவிரம் குறைந்த மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற புற்றும் திரவப் பையாக வந்து ஏமாற்றும். மாமா பீடியை விட்டால் நல்லது. ஆனால் விட்டதும் கட்டி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வார்த்தின் என்பவர் மிச்சிகனில் பேத்தாலஜி பேராசிரியர், 1929இல் இந்தக் கட்டியை விவரித்து எழுதினார். ஜெர்மனியில் ஹில்டெபிராண்ட் 1895லேயே எழுதிவிட்டார், பெயர் மட்டும் இவருக்குப் போய்விட்டது. ஆனால் வார்த்தின் செய்த பெரிய காரியம் இது அல்ல. ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் புற்று வருவதை 1913இலேயே பதிவு செய்தார். இன்று லின்ச் சிண்ட்ரோம் என்று சொல்வதன் தொடக்கம் அது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், பெரும்பாலானவர்களுக்கு இவை வரப்போவதில்லை. பேசல் செல் அடினோமாவில் சளிப் பொருளோ குருத்தெலும்போ கிடையாது, கருநீலச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். அதில் ஒரு வகை, தலையிலும் முகத்திலும் தோல் கட்டிகள் வரும் பரம்பரைக் கோளாறோடு சேர்ந்து வரும் என்பதால் நோயாளியின் உச்சந்தலையையும் பார்க்கச் சொல்வோம். கேனலிகுலர் அடினோமா வயதானவர்களின் மேல் உதட்டில் வரும். ஆன்கோசைட்டோமா முழுக்க மைட்டோகாண்ட்ரியா நிறைந்த செல்கள், நிணநீர்த் திசு இல்லாமல். மயோஎபிதீலியோமா என்பது ப்ளியோமார்ஃபிக் அடினோமாவிலிருந்து குழாய்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது. இதிலும் பேசல் செல் அடினோமாவிலும் சாதா எது, புற்று எது என்று தீர்மானிப்பது செல்லின் முகத்தை வைத்து அல்ல, ஓரத்தை வைத்து. சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவியிருந்தால் புற்று. ஓரமே இல்லாத குட்டித் துண்டை அனுப்பிவிட்டு "சாதாவா புற்றா, உடனே சொல்லுங்கள்" என்று போன் செய்கிற சர்ஜன்களிடம் நான் எரிந்து விழுவது இதனால்தான்.

அம்மாவுக்கு நடைமுறையில் செய்ய வேண்டியது சொற்பம். வருடத்துக்கு ஒரு முறை சர்ஜன் கையால் தடவிப் பார்க்கட்டும், அவர் கேட்டால் மட்டும் ஸ்கேன் எடுங்கள். தழும்புக்கு அடியில் புதிதாக முடிச்சு தட்டுப்பட்டாலோ, முகம் இழுத்தாலோ, வலி எடுத்தாலோ வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சாப்பிடும்போது அந்தக் கன்னம் வியர்த்தால் அது கட்டி அல்ல. உமிழ்நீருக்கான நரம்பு நார்கள் வெட்டுப்பட்டு, திரும்ப முளைக்கும்போது வியர்வைச் சுரப்பிகளுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான்.

கடைசியாக, ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைப்பதோடு நிறுத்தாதீர்கள். கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் ப்ளாக்கும் ஸ்லைடும் லேபில்தான் இருக்கும், ஆனால் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் ப்ளாக்கைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் வாங்கி, ரிப்போர்ட் நம்பர் எழுதிய சின்ன டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சூடு பட்டால் மெழுகு உருகிவிடும். பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு முடிச்சு வந்தால், பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் முதலில் கேட்பது பழைய ஸ்லைடைத்தான்.